புரியாமல் உட்கார்ந்திருத்தல்

பௌட்ஸன் என்ற ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் வாக்கியத்திலேயே அதை ‘இருமொழி நகரம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். நானும் அதை நம்பிக்கொண்டுதான் போனேன். திரும்பி வந்தபோது அந்த வார்த்தையின்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டிருந்தது. ஒரு நகரம் எப்படி இரண்டு மொழி பேசும்? மனிதர்கள்தாம் பேசுகிறார்கள். எந்த மனிதர்கள் இரண்டு மொழி பேசுகிறார்கள், எந்த மனிதர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று கேட்டால் அந்தப் பெயர் மறைத்து வைத்திருக்கும் ஏற்பாடு வெளியே வந்துவிடும். நான் எழுத நினைப்பது அந்த ஏற்பாட்டைப் பற்றி. அதில் எனக்கிருக்கும் பங்கைப் பற்றியும்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், ஸாக்ஸனி மாநிலத்தில், லௌஸிட்ஸ் எனப்படும் நிலப்பகுதியில், ஷ்ப்ரே நதிக் கரையில் ஒரு பாறை மேட்டின்மேல் கோபுரங்களாக நிற்கும் பழைய ஊர். ஜனத்தொகை 38,000 போல. ஜெர்மானியர்களிடம் பௌட்ஸன் என்று சொன்னால் இரண்டு விஷயங்கள் அவர்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று அந்த ஊர்க் கடுகு விழுது. மற்றது சிறைச்சாலை. 1956 முதல் 1989 வரை கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் நடத்திய சிறை அங்கே இருந்தது; எரிக் லோயெஸ்ட் என்ற நாவலாசிரியர் உட்படப் பலர் அங்கே வருஷக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். மூன்றாவது விஷயம் அவ்வளவாக ஞாபகத்துக்கு வருவதில்லை: அந்த ஊருக்குப் ‘புதிஷின்’ என்று இன்னொரு பெயரும் உண்டு, அது ஸோர்பிய மொழிப் பெயர்.

ஸோர்பியர்கள் ஸ்லாவ் இனத்தவர். செக், போலிஷ் மொழிகளுக்கு உறவான மொழி அவர்களுடையது. நேற்று வந்து குடியேறியவர்கள் அல்ல. பத்தாம் நூற்றாண்டில் ஜெர்மன் பிரபுக்களிடம் தோற்று, அதற்குப் பிறகு ஆயிரம் வருஷமாகத் தமக்கென்று ஓர் அரசு இல்லாமல், மொழியை மட்டும் வைத்துக்கொண்டு இருந்து வருகிறவர்கள். அவர்கள் தொகை 60,000 என்று சொல்வது வழக்கம். தினசரி வாழ்க்கையில் மொழியைப் புழங்குகிறவர்கள் அதைவிட மிகக் குறைவு. அதிலும் மேல் ஸோர்பியம், கீழ் ஸோர்பியம் என்று இரண்டு மொழிகள், இரண்டு எழுத்து வழக்குகள். மேல் ஸோர்பியத்துக்குப் பௌட்ஸன்தான் தலைநகர் மாதிரி. பத்திரிகை, பதிப்பகம், நாடக அரங்கு, ஆராய்ச்சி நிலையம், மியூசியம் எல்லாம் அங்கேதான். தெருப் பலகைகள் இரண்டு மொழியிலும் இருக்கின்றன. ஆனால் அந்தத் தெருக்களில் நடக்கிறவர்களில் பத்தில் ஒருவர் ஸோர்பியராக இருந்தால் அதிகம்.

இனி என் விஷயம். நான் சென்னையில் ஜெர்மன் படித்தவன். ரில்கேயையும் காஃப்காவையும் மூலத்தில் படிக்க வேண்டும் என்ற ஆசையில் மூன்று வருஷம் மாலை வகுப்புக்குப் போனேன். சில வருஷங்களுக்கு முன், பௌட்ஸனுக்கு வடமேற்கே ஒரு கிராமத்தில், நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு இரவுச் சாப்பாட்டுக்கு அழைக்கப்பட்டேன். கத்தோலிக்கக் கிராமம், ஸோர்பியம் இன்னமும் குழந்தைகள் வாயில் இருக்கும் பகுதி அதுதான். மேஜையைச் சுற்றி மூன்று தலைமுறை, ஒன்பது பேர். நான் வாசலில் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. ஒருவரை ஒருவர் முடிக்க விடாமல் குறுக்கே பாய்ந்து, நடுநடுவே சிரித்து, ஒரு கல்யாண வீட்டுச் சத்தம். ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. உள்ளே போய் ஜெர்மனில் வணக்கம் சொன்னேன். அந்த நிமிஷத்திலிருந்து ஒன்பது பேரும் ஜெர்மனில் பேசினார்கள். என்னிடம் மட்டும் அல்ல, தங்களுக்குள்ளும். பாட்டி பேத்தியிடம் உப்பைத் தள்ளச் சொன்னதுகூட ஜெர்மனில். யாரும் யாருக்கும் ஜாடை காட்டவில்லை. அது ஒரு முடிவாகவே எடுக்கப்படவில்லை. ஆனால் பேச்சின் வேகம் குறைந்துவிட்டது. குறுக்கே பாய்வது நின்றுவிட்டது. பாட்டி கொஞ்ச நேரத்தில் பேசுவதையே விட்டுவிட்டாள்.

என் ஜெர்மனை எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. ராத்திரி படுக்கையில்தான் உறைத்தது. மூன்று வருஷம் சிரமப்பட்டு நான் கற்ற பாஷை அன்று அந்த வீட்டில் செய்த காரியம், ஒன்பது பேரை அவர்கள் வீட்டிலேயே அவர்கள் மொழியிலிருந்து வெளியே அழைத்து வந்ததுதான். ஜெர்மன் தெரியாதவனாக நான் போயிருந்தால், ஒருவர் எனக்கு ஆங்கிலத்தில் அவ்வப்போது எடுத்துச் சொல்லியிருப்பார். மற்ற எட்டுப் பேரும் தம்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். பாட்டி பேசியிருப்பாள்.

இது அந்த ஒரு குடும்பத்தின் சுபாவம் அல்ல. பத்து ஸோர்பியர்கள் இருக்கும் இடத்தில் ஒரு ஜெர்மானியர் வந்து உட்கார்ந்தால் பேச்சு ஜெர்மனுக்கு மாறிவிடும் என்பது லௌஸிட்ஸ் முழுக்க அறிந்த விஷயம். அவர்களைக் கேட்டால் மரியாதை என்கிறார்கள். எனக்கு அங்கேதான் கேள்வி பிறந்தது. ஒரு நல்ல குணம், தலைமுறை தலைமுறையாகத் தவறாமல் கடைப்பிடிக்கப்பட்டு, ஒரு மொழியை இல்லாமலாக்கிவிட முடியுமானால், அதை நல்ல குணம் என்று சொல்லலாமா? மொழி இல்லாமற் போவதற்கு யாராவது பொறுப்பு என்றால், அது யார்?

சரித்திரத்தைப் புரட்டினால் குற்றவாளிகள் சுலபமாக அகப்படுவார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் அகப்படவும் செய்கிறார்கள். 1018இல் பௌட்ஸனில் ஒரு சமாதானம் கையெழுத்தாயிற்று. ஒரு பக்கம் ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் ஹைன்ரிஷ், மறுபக்கம் போலந்தின் போலெஸ்வாவ். சண்டையும் சமாதானமும் லௌஸிட்ஸ் யாருக்கு என்பது பற்றி. அந்த நிலத்தில் இருந்தவர்கள் இரண்டு பக்கத்திலும் இல்லை. பிற்பாடு அது பொஹீமியக் கிரீடத்தின் கீழ் போயிற்று, 1635இல் ஸாக்ஸனிக்குப் போயிற்று, 1815இல் வியன்னா மாநாட்டில் பாதிக்கு மேல் பிரஷ்யாவுக்கு வெட்டிக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

ஆனால் என்னை நிறுத்திவைத்தது இந்தப் போர்கள் அல்ல, ஒரு தாள். மேல் ஸோர்பிய மொழியில் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்து 1532ஆம் வருஷத்தது. பௌட்ஸன் நகரத்தின் பிரஜையாகச் சேருகிறவன் ராஜாவுக்கும் மேயருக்கும் நகரசபைக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொல்ல வேண்டிய சத்தியப் பிரமாணம் அது. கவிதை அல்ல, பிரார்த்தனை அல்ல, கதையும் அல்ல. அந்த மொழி அந்த ஊரில் ஏட்டில் ஏறியது கீழ்ப்படிவதற்காக என்று சொல்லிக் கசந்துகொள்ளலாம். முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. பிறகு யோசித்ததில் வேறொன்று தெரிந்தது. தன் பிரஜை தனக்குப் புரிகிற மொழியில் சத்தியம் செய்ய வேண்டும் என்று 1532இல் ஒரு நகரசபை நினைத்திருக்கிறது. என்றால், ஸோர்பியம் மட்டுமே தெரிந்த ஒருவன் அந்த நகரத்தில் பிரஜையாக இருக்க முடிந்திருக்கிறது. சபை அவன் இடத்துக்கு வந்திருக்கிறது, ஒரு தாள் அளவுக்காவது.

இன்று ஸோர்பியம் மட்டும் தெரிந்த பெரியவர் ஒருவரும் இல்லை. ஒரு மொழியின் தேய்மானத்தை அதைப் பேசுகிறவர்களின் எண்ணிக்கையை வைத்து அளக்கிறார்கள். எனக்கென்னவோ அது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வாழ முடிந்த கடைசி மனிதன் எப்போது போனான் என்று பார்ப்பதுதான் சரியான அளவு என்று படுகிறது. அவன் இருந்தவரை அடுத்த வீட்டு ஜெர்மானியனுக்கும் நாலு வார்த்தை ஸோர்பியம் தேவைப்பட்டிருக்கும். அவன் போன பிறகு இரண்டு மொழியின் பாரமும் ஒரு பக்கத்துத் தோளுக்கு வந்துவிட்டது. ஸோர்பியர்கள் எல்லோரும் இருமொழிக்காரர்கள். ஜெர்மானியர்களில் அபூர்வமாக ஒருவர் இருவர். இதைத்தான் இருமொழி நகரம் என்கிறார்கள். பெயரை நகரம் எடுத்துக்கொண்டது. வேலையை ஒரு சாரார் செய்கிறார்கள்.

அந்த ஊரில் பகிர்ந்துகொள்வதற்கு வேறொரு உதாரணமும் இருக்கிறது. புனித பேதுரு கோயில். 1524 முதல் அது கத்தோலிக்கர்களுக்கும் லுத்தரின் வழி வந்தவர்களுக்கும் பொதுவான கோயில். பீடமிருக்கும் உள்பகுதி கத்தோலிக்கர்களுடையது, மக்கள் அமரும் முன்பகுதி மற்றவர்களுடையது. நடுவே ஒரு தடுப்பு. முன்பு ஆளுயரத்துக்கு மேலே இருந்தது, இப்போது இடுப்பளவுதான். யார் எந்த நேரத்தில் வழிபடலாம் என்பதற்கு ஒப்பந்தம் உண்டு. அன்பினால் வந்த ஏற்பாடு அல்ல அது. மதச் சண்டையில் ஐரோப்பா ரத்தம் சிந்திக்கொண்டிருந்த காலத்தில், வேறு வழியில்லாமல் செய்துகொண்டது. ஆனாலும் ஐந்நூறு வருஷம் நிலைத்திருக்கிறது. இரண்டு தரப்பும் பிழைத்திருக்கின்றன. இரண்டு தரப்பும் எதையோ விட்டுக் கொடுத்திருக்கின்றன, இரண்டுக்கும் அசௌகரியம் இருக்கிறது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மொழிகளுக்கு நடுவே அப்படி ஒரு தடுப்பு இல்லை, நேரக் கணக்கு இல்லை. எல்லாம் சுமுகம். அந்தச் சுமுகத்தில் ஒன்று மட்டும் கரைகிறது.

பகை செய்ததை மறைக்க வேண்டியதில்லை. 1868இல் நகரத்தின் அதிகாரப்பூர்வமான ஜெர்மன் பெயர் மாற்றப்பட்டது. அதுவரை ஜெர்மன் ஆவணங்களிலும் அது ‘புதிஸின்’தான், ஸோர்பியக் காதுக்கும் தெரிந்த பெயர். மாற்றி வைத்த ‘பௌட்ஸன்’ என்ற பெயரும் அதே ஸ்லாவ் வேரிலிருந்து வந்ததுதான், காதுக்கு மட்டும் அது தெரியாது. 1912இல் தோன்றிய ‘தொமொவினா’ என்ற ஸோர்பியச் சங்கங்களின் கூட்டமைப்பைத் தன் சட்டதிட்டத்தில் ஸோர்பியர்களை ‘வெண்டிஷ் மொழி பேசும் ஜெர்மானியர்’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள் நாஜிகள். பவொல் நெதோவின் தலைமையில் இருந்த அந்த அமைப்பு மறுத்தது. 1937இல் தடை வந்தது. பத்திரிகை நின்றது, சங்கங்கள் மூடப்பட்டன, ஸோர்பிய ஆசிரியர்களும் பாதிரிமார்களும் வேறு பகுதிகளுக்கு மாற்றப்பட்டார்கள். அலோய்ஸ் அந்த்ரிட்ஸ்கி என்ற இளம் பாதிரியார் 1943இல் டாஹௌ முகாமில் கொல்லப்பட்டார். ஆனால் தடையால் மொழி சாகவில்லை. 1945 மே மாதம், யுத்தம் முடிந்த சில நாட்களிலேயே தொமொவினா மறுபடி எழுந்துவிட்டது. தடை வெளியே இருந்து வருகிறது. அதை எதிர்த்து நிற்கத் தெரியும்.

எதிர்த்து நிற்கத் தெரியாத ஒன்று அதற்குப் பிறகு வந்தது. யுத்தம் முடிந்ததும் ஸைலீஷியாவிலிருந்தும் செக் எல்லைப் பிரதேசங்களிலிருந்தும் விரட்டப்பட்ட ஜெர்மானியர்கள் லௌஸிட்ஸ் கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். வீடு இழந்தவர்கள், பிணங்களைத் தாண்டி நடந்து வந்தவர்கள். ஒரு ஸோர்பியக் குடியானவன் வீட்டில் கையில் ஒரு மூட்டையோடும் இரண்டு குழந்தைகளோடும் அப்படி ஒருத்தி வந்து உட்காருகிறாள். அவளுக்கு ஸோர்பியம் தெரியாது. அவள் முன்னால் அவளுக்குப் புரியாத மொழியில் பேசிக்கொண்டிருக்க முடியுமா? மனுஷத்தன்மை உள்ள எவனும் மாட்டான். பேச்சு ஜெர்மனுக்கு மாறியது. அது கருணை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் ஒரு வாரத்துக்கு வந்தவள் அல்ல. அங்கேயே இருந்தாள், பேரன் பேத்தி எடுத்தாள். அவளுக்காக மாறிய பேச்சு திரும்பி மாறவில்லை. அப்புறம் நிலங்கள் கூட்டுப் பண்ணைகளாயின. பண்ணைக் கூட்டங்களில் ஒருவராவது ஜெர்மன் மட்டும் தெரிந்தவர் இருப்பார். கூட்டம் ஜெர்மனில் நடந்தது. அப்புறம் பழுப்பு நிலக்கரி. 1955 முதல் ‘கறுப்புப் பம்பு’ என்ற பெயர்கொண்ட பிரும்மாண்டமான தொழிற்கூடம் எழுந்தது; வெளியூர்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கரிக்காகக் கிராமங்களே தோண்டி எடுக்கப்பட்டன. லௌஸிட்ஸ் முழுவதிலும் நூறு வருஷத்தில் முழுதாகவோ பாதியாகவோ அழிந்த ஊர்கள் 130க்கு மேல். 1990க்குப் பிறகும் இது நிற்கவில்லை. ஹோர்னோ என்ற கிராமம் ஐக்கிய ஜெர்மனியின் காலத்தில்தான் போயிற்று.

இதே அரசுதான் ஸோர்பியர்களுக்கு எல்லாவற்றையும் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1948இல் ஸாக்ஸனியில் அவர்கள் உரிமைக்கு ஒரு சட்டம். 1951இல் ஆராய்ச்சி நிலையம், 1952இல் பாட்டும் நடனமும் நடத்தும் தேசியக் குழு, பிறகு ஜெர்மனும் ஸோர்பியமும் சேர்ந்த நாடக அரங்கு. ஒரு கையால் மியூசியம் கட்டிக்கொண்டு மறு கையால் கிராமத்தைத் தோண்டினார்கள். மியூசியத்தில் இருப்பது மொழி அல்ல. உடுப்புகள், கல்யாணச் சடங்குகள், மெழுகும் சாயமும் கொண்டு வரைந்த ஈஸ்டர் முட்டைகள். அந்த முட்டைகள் அழகானவை. நானும் இரண்டு வாங்கி வந்தேன். அவற்றைப் புரிந்துகொள்ள யாரும் எதையும் கற்க வேண்டியதில்லை என்பதால்தான் எல்லோருக்கும் அவற்றைப் பிடிக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

1950களில் இருமொழிப் பகுதிப் பள்ளிகளில் ஸோர்பியப் பாடம் பரவலாக இருந்தது. 1964இல் வந்த ஒரு விதி அதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டது. சில வருஷங்களிலேயே படிக்கிற பிள்ளைகளின் தொகை மளமளவென்று விழுந்தது. யாரும் தடுக்கவில்லை. யாரும் அடிக்கவில்லை. விருப்பம் கேட்டார்கள், அவ்வளவுதான். இன்றைய ஸாக்ஸனிச் சட்டமும், 1999இல் வந்தது, அதே மென்மையோடு பேசுகிறது: ஸோர்பியன் என்று சொல்லிக்கொள்கிறவன் ஸோர்பியன், அதை யாரும் மறுக்கவும் கூடாது, சோதிக்கவும் கூடாது. நாஜிகளின் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு எழுதப்பட்ட நாகரிகமான விதி. நான் அதை மதிக்கிறேன். ஆனால் தாராளமாகத் திறந்திருக்கும் கதவு வெளியே போவதற்கும் திறந்திருக்கும்.

என்றால், ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்த அந்தப் பெற்றோர்கள் துரோகிகளா? அங்கேயும் அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. மொழித் துரோகம் என்ற வார்த்தை நமக்குப் புதிதல்ல. எனக்கு அதில் சம்மதம் இல்லை. மொழி ஓர் ஆள் அல்ல, அதற்கு வலிக்காது, அதற்கு நாம் கடன்படவும் முடியாது. பள்ளியில் ஜெர்மன் தடுமாறியதற்காகத் தான் பட்ட அவமானம் தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஒரு தாய் நினைத்தால், அவள் கண்முன் இருப்பது பிள்ளை. ஆயிரம் வருஷத்துப் பாரம்பரியத்தைக் காட்டி அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மேடைப் பேச்சாளனின் வேலை. அதையும் விட மோசம், அது பாரத்தை மறுபடியும் அதே தோளில் ஏற்றுகிறது. இரண்டு மொழி கற்க வேண்டியவனும் அவன்தான், ஒன்று போனால் வசவு வாங்க வேண்டியவனும் அவன்தான்!

கடன் மனிதர்களுக்கு நடுவில்தான். அப்படிப் பார்த்தால் அந்த மேஜைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. மொழியின் சாவு என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வது அன்று அங்கே எப்படி நடந்தது? ஒரு பாட்டி பேச்சை நிறுத்திக்கொண்டாள். நஷ்டம் அதுதான், நஷ்டப்பட்டவள் அவள்தான். இதைத் தடுத்திருக்கக்கூடியவர் யார்? அந்த ஒன்பது பேரும் இல்லை. அவர்கள் தடுப்பதென்றால் வந்த விருந்தாளியை அவமதிக்க வேண்டும். பத்தாவது ஆள் ஒருவனால்தான் முடியும். ‘நீங்கள் பாட்டுக்குப் பேசுங்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று அவன் சொல்லலாம். மரியாதையிலிருந்து ஒருவரை விடுவிக்கும் அதிகாரம் அந்த மரியாதையைப் பெறுகிறவனிடம் மட்டுமே இருக்கிறது. ஆயிரம் வருஷமாக லௌஸிட்ஸில் அந்த அதிகாரம் அநேகமாகப் பயன்படுத்தப்படாமலேயே கிடக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. விருந்தாளியைப் பேச்சில் சேர்த்துக்கொள்வது நல்லதுதானே. யாருக்கும் புரியாமல் ஒருவரை உட்கார வைப்பது கொடுமை அல்லவா? கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் சம்பளம் பற்றிப் பேசும் இடத்திலும் இது உண்மை. அங்கே புரிவது நியாயத்தின் பகுதி. ஆனால் சாப்பாட்டு மேஜை கோர்ட் அல்ல. புரியாத பேச்சைக் கேட்டவுடனே ‘நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்களோ’ என்று கூசுகிறவன் யார் என்று பாருங்கள். பெரிய மொழிக்காரன்தான். சின்ன மொழிக்காரன் புரியாத சத்தங்களின் நடுவே உட்கார்ந்திருப்பதைக் குழந்தையிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறான். மற்றவனுக்கு அந்தப் பயிற்சியே கிடைப்பதில்லை. தனக்குப் புரியாத ஒரு முழு வாழ்க்கை தன் பக்கத்து நாற்காலியில் நடந்துகொண்டிருக்கிறது, அதற்குத் தான் தேவையில்லை என்ற உணர்வைத் தாங்க அவனுக்குத் தெரியாது. அதைத் தாங்கப் பழகுவது ஒரு தார்மீகப் பயிற்சி என்றே சொல்லுவேன்.

எழுதுகிறவர்களுக்கு கிதோ லோரென்ட்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1938இல் பிறந்து 2017இல் இறந்த கவிஞர். தாத்தா ஸோர்பிய எழுத்தாளர். ஆனால் பேரன் வளர்ந்தது ஜெர்மனில். ஸோர்பியத்தைப் பள்ளியில் போய்த்தான் கற்றுக்கொண்டார். பிறகு பௌட்ஸனில் வேலை பார்த்தார், இரண்டு மொழியிலும் எழுதினார். 1967இல் வந்த அவருடைய ‘ஸ்த்ருகா’ இருமொழிப் புத்தகம். தலைப்பு அவர் ஊர்ப் பக்கத்து ஓர் ஓடையின் பெயர். வீட்டில் கைவிடப்பட்ட ஒன்றை ஒருவர் திரும்ப எடுக்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் அந்தப் புத்தகத்தை எடுத்தபோதும் எனக்கு அந்த மேஜைதான் ஞாபகம் வந்தது. ஜெர்மன் பகுதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தைப் படித்ததாகவே நினைத்துக்கொண்டேன். ஸோர்பியம் அச்சான இடங்களில் என் கண் நிற்கவே இல்லை. அவற்றை வெறுமனே பார்த்துக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

ஸோர்பிய இலக்கணத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை என்று ஒன்று உயிரோடு இருக்கிறது, ஸம்ஸ்கிருதத்தில் இருந்ததுபோல. ‘நாம் இருவர்’ என்பதற்குத் தனிச் சொல். வினையும் அதற்கேற்ப மாறும். ஜெர்மனில் அது இல்லை. ஜெர்மனின் ‘நாம்’ எதிரில் இருப்பவனைச் சேர்க்கிறதா தள்ளுகிறதா என்பதும் சொல்லைக் கொண்டு தெரியாது. தமிழில் நமக்கு ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. அன்று அவர்கள் என்னை ‘நாம்’ ஆக்கிக்கொள்வதற்காகத் தங்கள் ‘நாங்கள்’ முழுவதையும் மடித்து வைத்தார்கள். நான் அந்த ‘நாங்க’ளின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதுமாயிருந்தது.

மரியாதையை அவர்கள் கைவிட்ட சந்தர்ப்பமும் உண்டு. 2001இல் க்ரோஸ்ட்விட்ஸ் கிராமத்து ஸோர்பியப் பள்ளியில், பிள்ளைகள் போதவில்லை என்று ஐந்தாம் வகுப்பைத் தொடங்க அரசு அனுமதிக்கவில்லை. பெற்றோர்கள் பிள்ளைகளை அங்கேயே அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சில வாரம் பாடம் நடத்தினார்கள். கடைசியில் தோற்றார்கள், 2003இல் அந்த உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது. ஆனால் ‘போதுமான எண்ணிக்கை இல்லை’ என்ற வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு அவர்கள் பணிவோடு எழுந்து போகவில்லை. சில நூறு பிரதிகள் அச்சிடும் ஒரு பத்திரிகையில் எழுதுகிற எனக்கு அந்த வாக்கியம் பழக்கமானது.

இத்தனையும் எழுதிவிட்டு நான் ஸோர்பியர்களின் பக்கம் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போய்விட முடியாது. பெரிய மொழிகளின் நிழலில் நசுங்குகிறவன் என்றே நான் என்னை வரித்துக்கொண்டு பழகியவன். தமிழில் எழுதுகிற எல்லோரும் அப்படித்தான். ஆனால் நான் வளர்ந்தது மதுரையில், மகாலுக்குப் பக்கத்தில். என் பள்ளித் தோழன் ஒருவன் சௌராஷ்டிரக் குடும்பம். அவன் வீட்டில் நான் ஆயிரம் தடவையாவது சாப்பிட்டிருப்பேன். வாசற்படியில் நான் செருப்பை விடும்போது உள்ளே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். நான் உள்ளே வந்ததும் அது தமிழாகிவிடும். நாற்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அது எனக்குக் காதில் விழவில்லை. எம்.வி. வெங்கட்ராமை நம் உரைநடையின் பெரியவர்களில் ஒருவராகக் கொண்டாடுகிறோம். அவர் வீட்டு மொழி சௌராஷ்டிரம் என்பதை ஒரு தகவலாகத் தெரிந்து வைத்திருக்கிறோம், அதற்குமேல் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தில் ஜெர்மானியன் நான்தான்.

கிராமத்தை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி நண்பர் வீட்டில் சொல்லிப் பார்த்தேன்: எனக்காக மாற வேண்டாம், உங்கள் மொழியிலேயே பேசுங்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு நாலைந்து வாக்கியம் பேசினார்கள், யாரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது பாடச் சொன்ன குழந்தைகள் மாதிரி. பிறகு தானாக ஜெர்மனுக்கு நழுவிவிட்டது. ‘பழக்கம்’ என்றார் நண்பர், மன்னிப்புக் கேட்கிற குரலில். அவர் மன்னிப்புக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு ராத்திரியில் ஒரு விருந்தாளி சொல்லி இது நேராகிவிடாது. விருந்தாளிகள் எல்லோரும் வெகு நாள் சொல்ல வேண்டும்.

போன மாதம் மதுரைக்குப் போயிருந்தபோது தோழனின் வீட்டிலும் அதையே சொன்னேன். ‘ஒனக்கு ஒண்ணும் புரியாதேடா’ என்றான். ‘தெரியும், பேசு’ என்றேன். அவன் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். அவன் பதில் சொன்னான். அவள் பேச ஆரம்பித்தாள். நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றித்தானா என்று ஒரு தடவை எனக்கும் தோன்றிற்று. கேட்கவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. அதைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.